கொக்காவில் கோபுரத்தடியில் இருந்து: ஊடகச் செய்திகள் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

ஒலிபரப்புத் தொழில்நுட்பத்தில் நீண்ட காலம் வேலை செய்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இது.

மல்லாவியில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, பிபிசியின் தலைமை இயக்குநர் பதவி விலகினாரே. ஒரு வீடியோவை வெட்டி ஒட்டினதுக்கு இவ்வளவா?

வெட்டுவது பிழை இல்லை தம்பி, வெட்டாமல் செய்தியே இல்லை. 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் பேசிய உரையில் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளி உள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, ஒரே மூச்சில் சொன்னதுபோல ஒட்டி, 2024 ஒக்டோபரில் பிபிசியின் பனோரமா என்ற ஆவண நிகழ்ச்சியில் போட்டுவிட்டார்கள். ஒட்டின இடம் பார்ப்பவருக்குத் தெரியவில்லை, அதுதான் பிழை. 2025 நவம்பரில் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவி டெபோரா டர்னஸும் விலகினார்கள்.

எனக்கு இது வெறும் லண்டன் செய்தி இல்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, நான் பெடலைக் கையால் சுற்ற அப்பா காதைக் கொடுத்து பிபிசியின் தமிழ்ச் சேவையான தமிழோசை கேட்பார். கை சோர்ந்தால் குரலும் சோர்ந்துவிடும், "சுத்தடா, சுத்தடா" என்பார். 1941இல் தொடங்கிய அந்தச் சேவையின் வானொலி ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30உடன் நிறுத்தினார்கள். அப்படிக் கேட்ட சனத்துக்கு, ஒட்டு மறைத்த செய்தி பெரிய துரோகம்.

புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தங்கச்சி: டித்வா புயல் நேரம் குளம் உடைந்தது என்று வீடியோ மேல் வீடியோ. எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சொல்லைப் பாருங்கள். வான் பாய்வது வேறு, குளம் உடைப்பெடுப்பது வேறு. நிறைந்த குளத்தில் வான்கதவைத் திறந்து தண்ணீரை விடுவது வழமையான வேலை. அதைக் குளம் தெரியாத ஒருவர் "உடைந்தது" என்று எழுத, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சனம் இரவில் ஓடுகிறது. புயல் அடித்த 2025 நவம்பர் 28ஆம் திகதி அளவில் எனக்கும் அப்படி ஒரு வீடியோ வந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அணைக்கட்டில் நின்றவர்களின் சட்டை காய்ந்திருந்தது, வானம் வெளித்திருந்தது, இங்கே அந்த நேரம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்த படங்களும் இப்படித் திரும்பத் திரும்ப வருகின்றன. சந்தேகம் என்றால் பகிரவேண்டாம். 117க்கு எடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் அது. குளத்தடியில் இருக்கும் தெரிந்த ஒருவருக்கும் எடுங்கள்.

அப்புறம், போனில் எஃப்எம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். பல போன்களில் இயர்போன் வயரைக் குத்தினால்தான் அது வேலை செய்யும், வயர்தான் அன்டெனா. உங்கள் ஊர் சிக்னல் போனாலும் தொலைவில் இருக்கும் ஒலிபரப்பி இயங்கினால் குரல் வரும்.

முழங்காவில் ஐயா ஒருவர்: டிஜிட்டல் தொலைக்காட்சி வரப்போகிறதாம். புதிய பெட்டி வாங்கவேண்டுமா?

இப்போது அவசரப்படவேண்டாம் ஐயா. 2014இல் இலங்கை ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையைத் தேர்ந்தெடுத்தது, வேலை பல வருடமாக இழுபடுகிறது. கடைக்காரர் "டிஜிட்டல்" என்று சொன்னால் மட்டும் போதாது, இந்த முறைக்கு ஒத்ததா என்று கேளுங்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது படத்தின் தெளிவு இல்லை. அந்த முறையில் அவசர எச்சரிக்கை அனுப்ப வசதி உண்டு, அதற்கேற்ற கருவி என்றால் தானாகவே விழித்து அறிவிக்கும். டித்வா நேரம் தமிழில் எச்சரிக்கை பிந்தியது என்று எத்தனை பேர் குறைப்பட்டார்கள்! கொக்காவிலில் 1990இல் போரில் அழிந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பதிலாக 2011இல் 174 மீற்றரில் புதிதாகக் கட்டினார்கள். ஏ9 வீதியில் போகிற எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். அதன் உச்சியில் இருந்து வரும் முதல் எச்சரிக்கை தமிழிலும் அதே நிமிடத்தில் வரவேண்டும்.

நெடுங்கேணியில் இருந்து: வன்னிக்கென்று ஒரு சமூக வானொலி முடியாதா?

ஏன் முடியாது? மகாவலிக் குடியேற்றங்களுக்காக 1981இலேயே சமூக வானொலி தொடங்கினார்கள், 1989இல் கொத்மலையில் ஒன்று வந்தது. ஆனால் அவை அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான். அலைவரிசை பொதுச்சொத்து. 1997இல், ஒலிபரப்பைக் கட்டுப்படுத்த அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, அலைவரிசை பொதுச்சொத்து என்ற இந்தக் கதைதான் நடுவில் நின்றது.

ஆகவே கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. வன்னி மாவட்டங்களுக்கு எந்த அலைவரிசை யாருக்குக் கொடுக்கப்பட்டது, எது வெறுமையாக இருக்கிறது என்று தமிழிலேயே எழுதி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தகவல் அதிகாரிக்குப் போடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கடிதம் எழுதக் கை தேவை என்றால் நான் இருக்கிறேன்.