முதலில் காதைப் பாருங்கள்

காது கேட்பது தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஈரோட்டில் பணிபுரியும் ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) ஒருவரின் பதில்கள்.

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். கொஞ்ச நாளாக எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். “கரண்ட் பில் கட்டியாச்சுங்களா மாமா?” என்றால் “கல்யாணத்துக்கு நான் வரலை” என்கிறார். விசேஷங்களுக்கும் போவதில்லை. சொன்னதை மறந்துவிடுகிறார். “அப்பாவுக்கு மறதி நோய் வந்துடுச்சு” என்று நாத்தனார் அழுகிறார். காது கேட்காவிட்டால் மூளை சுருங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வேறு வந்தது. உண்மையா?
– வாசகி, குமாரபாளையம்

பதில்: உங்கள் கடிதத்தில் மறதியைவிட விசைத்தறிதான் முதலில் என் கண்ணில் பட்டது. தறிக்கூடத்துச் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும். வருடக்கணக்கில் அதில் நின்றவர்களுக்கு முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள கீச்சொலிகள். வயதானால் எல்லோருக்கும் குறையத் தொடங்குவதும் உயர்ந்த சுருதியில்தான். உங்கள் ஊரிலிருந்தும் பள்ளிபாளையத்திலிருந்தும் வருகிற பெரியவர்களின் ஆடியோகிராமில், அதாவது எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், தாழ்ந்த சுருதி உள்ள இடப்பக்கம் கோடு ஓரளவு ஒழுங்காகக் கிளம்பும். உயர்ந்த சுருதி உள்ள வலப்பக்கம் போகப்போகச் சரிந்துவிடும். அவர்கள் வாயிலிருந்து வருவதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “கேக்குது கண்ணு, என்ன சொல்றேன்னுதான் வெளங்கல.”

பேச்சில் உயிரோசை கனமானது, அது அவர் காதுக்கு வந்துவிடும். ச, த, க, ப இவற்றின் மெல்லிய உரசலும் வெடிப்பும் வராது. விட்டுப்போனதை முன்பின் பார்த்து மூளை நிரப்பிக்கொள்கிறது, சிதைந்த கல்வெட்டைப் படிக்கிற மாதிரி. கவனமெல்லாம் அந்த வேலைக்கே போய்விட்டால், கேட்டதை மனதில் பதித்துக்கொள்ள எவ்வளவு மிஞ்சும்? அவர் மறந்துவிடுகிறார் என்கிறீர்கள். நீங்கள் சொன்னது முதலில் அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். டிவி, மிக்ஸி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்து, முகம் தெரியும்படி நிதானமாக ஒரு வேலையைச் சொல்லுங்கள். கத்த வேண்டாம், இந்த மாதிரிக் காதுக்குச் சின்னச் சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் பொறுக்காது. “ஏன் கத்தறே?” என்று கோபப்படுவது அதனால்தான். இன்னொரு வேலையைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். இரண்டையும் சரியாகச் செய்துவிட்டால், கோளாறில் பெரும்பங்கு காதில் இருக்கிறது. தினமும் நடந்த தெருவில் வழி தடுமாறுவது, சில்லறை எண்ணுவதில் குழம்புவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றையெல்லாம் காதின் தலையில் போட முடியாது. நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் வாய்ப்பு உண்டு.

எப்படியானாலும் காதுப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். மறதியைச் சோதிக்கும்போது மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார். காதே கேட்காதவர் அதில் எப்படிப் பாஸாவார்? காது மந்தம் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைக்குக் காசு செலவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ‘பீப்’ கேட்கும்போது பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அந்த வீடியோ. முழுப் பொய் என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லின் குழு 639 பேரைப் பல வருடங்கள் கவனித்து 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. காது லேசாக மந்தமானவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு, நடுத்தர அளவுக்கு மூன்று, கடுமையானால் ஐந்து மடங்கு. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல், நம்மால் மாற்ற முடிகிற 14 காரணங்கள் சேர்ந்து உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்துக்குப் பொறுப்பு என்றது. அதில் காது கேளாமையின் பங்கு 7 சதவீதம். காது மந்தமான நூறு பேரில் ஏழு பேருக்கு மறதி நோய் வரும் என்று இதைப் படித்துவிடாதீர்கள். உலகத்தில் யாருக்குமே காது மந்தமாகாமல் இருந்தால், மொத்த டிமென்ஷியாவில் அவ்வளவு குறைந்திருக்கும் என்ற மதிப்பீடு அது.

ஸ்கேனில் மூளையின் சில பகுதிகள் இவர்களுக்குச் சற்று வேகமாகச் சுருங்குவதும் தெரிந்திருக்கிறது. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் காதின் நுண்குழாய்களையும் மூளையின் நுண்குழாய்களையும் ஒன்றாகவே கெடுக்கக் கூடியவை. அதனால் பழியைக் காது மேல் மட்டும் போட்டுவிட முடியாது. என்னைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் கவலைப்பட வேண்டிய வரி, அவர் விசேஷங்களுக்குப் போவதில்லை என்பதுதான். பேச்சும் சிரிப்பும் இல்லாமல் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருப்பதும் மூளைக்கு ஆகாது.

கேள்வி: காது மெஷின் மாட்டினால் மறதி நோய் பாதியாகக் குறையும் என்று கடையில் சொன்னார்கள். 1,20,000 ரூபாய் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தப் ‘பாதி’ எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2023-ல் அமெரிக்காவில் ‘அச்சீவ்’ என்ற ஆய்வின் முடிவு வந்தது. 70 முதல் 84 வயதுக்குள் 977 பேர். ஒரு பாதிக்குக் காது மெஷினும் ஆடியாலஜிஸ்ட் உதவியும், மறு பாதிக்கு ஆரோக்கிய ஆலோசனை மட்டும். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், மொத்தத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. இதயநோய் ஆய்வு ஒன்றிலிருந்து வந்த ஒரு பிரிவினரிடம் மட்டும், நினைவாற்றல், சிந்தனை சரியும் வேகம் மெஷின் போட்டவர்களுக்கு 48 சதவீதம் குறைந்தது. அவர்கள் வயதிலும் மற்ற ஆபத்துகளிலும் கூடுதலாக இருந்தவர்கள். மொத்தத்தில் வித்தியாசமில்லை என்ற பகுதியைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார். அந்த ஆய்வு முக்கியமாக அளந்ததும் சரிவைத்தான். எத்தனை பேருக்கு மறதி நோய் வந்தது என்பதை அல்ல.

அப்பாவுக்குப் பேச்சு விளங்குவதற்காக வாங்குங்கள், அதுவே போதுமான காரணம். ஆனால் விலை கூடினால் மூளைக்கு நல்லது என்று கணக்கில்லை. அவருடைய ஆடியோகிராமுக்கு ஏற்றபடி அமைத்துத் தருகிறார்களா, பிறகு திருத்தி அமைக்கக் கூப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். குறைபாடு அதிகமென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கும்.

கேள்வி: மெஷின் வாங்கிக் கொடுத்தும் என் கணவர் மாட்டுவதில்லை. குக்கர் விசில் தலைக்குள் அடிக்கிறதாம். இப்போது அது பீரோவில் தூங்குகிறது.
– வாசகி, நாமக்கல்

பதில்: பல வருடமாகக் கேட்காத ஓசைகள் ஒரே நாளில் திரும்பினால் அப்படித்தான் இருக்கும். மூளை பழகச் சில வாரங்களாவது வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் அமைதியான அறையில், உங்களோடு பேசுகிற நேரத்தில் மட்டும் மாட்டட்டும். அப்புறம் டிவி, அப்புறம் அடுப்படி. குக்கர் விசில் அப்போதும் தலைக்குள் அடித்தால் மெஷினைக் கொண்டுபோய் உரத்த சத்தத்தின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், செய்து தருவார்கள். பட்டன் பேட்டரியாக இருந்தால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் போடுங்கள். காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும்.

கேள்வி: காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டால் கேட்குமா?
– வாசகர், கரூர்

பதில்: கேட்காது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். குறும்பி அடைத்திருந்தால் இ.என்.டி. மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். பட்ஸ், ஊக்கு எதுவும் வேண்டாம், அவை உள்ளே தள்ளத்தான் செய்யும். ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாளில் கேட்காமல் போனால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள். அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.