கேள்வி பதில்: ரிலீஸ் ஏபிஐ, முதல்ல டிராஃப்ட்

இன்னைக்கு விஷயம் ஒண்ணே ஒண்ணு: கிட்ஹப் (கோடு வைக்கிற தளம்) ரிலீஸ் பதிவுகளை, அதாவது எண் போட்டு வெளியிடற வெர்ஷன்களை, ரெஸ்ட் ஏபிஐ வழியா (ஸ்கிரிப்ட் அனுப்புற வெப் கோரிக்கைகளால) உருவாக்குறது, திருத்துறது, ஃபைல் ஏத்துறது. டிராஃப்ட்னா இன்னும் வெளியிடாத ரிலீஸ். கிட்லேப் (அதே மாதிரி இன்னொரு தளம்) பத்திக் கேட்டா சுருக்கமா சொல்றேன். எந்த கோர்ஸ் சேரலாம், எந்த கம்பெனி நல்லதுன்னு கேக்காதீங்க. கேள்விக்கு முன்னாடி இருக்கறது கேட்டவங்க ஊர், ஊர்ப் பேர் இல்லாம வர்றது என் பதில்.

ஏற்காடு: அக்கா, காபித் தோட்டக் கணக்கு ஆப் ஒண்ணு பண்றேன். 180 எம்பி ஜிப்பை ஏத்தும்போது பாதியில 502 (சர்வர் பக்கத் தடங்கல்) வருது. திரும்ப அனுப்பினா 422. என்ன பண்ண?

முதல் தடவை அறுந்தப்பவே அந்தப் பேர்ல ஒரு வெத்து அசெட் (ரிலீஸோட சேர்ந்த ஃபைல்) உட்கார்ந்திருக்கும். அதே பேர்ல இன்னொண்ணு வந்தா கிட்ஹப் ஏத்துக்காது, அதான் 422. அந்த ரிலீஸோட அசெட் பட்டியலை கெட் (படிக்கற கோரிக்கை) பண்ணுங்க. 'ஸ்டேட்' புலத்துல 'ஸ்டார்ட்டர்'னு இருக்கும். முழுசா ஏறினதுல 'அப்லோடெட்'னு இருக்கும். ஸ்டார்ட்டரா இருக்கறதோட ஐடியை வெச்சு டெலீட் பண்ணிட்டு மறுபடி போஸ்ட் பண்ணுங்க. விட்ட இடத்துல இருந்து தொடர வழி இல்ல, ஒவ்வொரு தடவையும் 180 எம்பியும் முதல்ல இருந்துதான்.

ஸ்கிரிப்ட்ல கவனிக்க வேண்டியது மூணு. ஃபைல் போற முகவரி ஏபிஐ சர்வர் இல்ல, 'அப்லோட்ஸ்'னு தொடங்குற தனி சர்வர். ரிலீஸ் உருவாக்கினப்ப வந்த பதில்ல 'அப்லோட்_யூஆர்எல்' இருக்கும். அதன் வாலில் இருக்கற நெளிவு அடைப்புப் பகுதியை வெட்டிட்டு, கேள்விக்குறி போட்டு 'நேம்' சேருங்க. அடுத்து, கர்ல்ல (கோரிக்கை அனுப்புற கமாண்ட்-லைன் கருவி) '--டேட்டா-பைனரி' போடுங்க. வெறும் '-டி' போட்டு ஃபைலைக் குடுத்தா வரி முறிவுகளை அது தின்னுடும். 201 (வெற்றி) வரும், ஜிப் மட்டும் திறக்காது. மூணாவது, ஏத்தி முடிச்சதும் அசெட்டோட 'சைஸ்', 'டைஜெஸ்ட்' ரெண்டையும் உங்க ஃபைலோட ஒப்பிடுங்க. டைஜெஸ்ட்ல எஸ்ஹெச்ஏ-256, அதாவது ஃபைலோட உள்ளடக்கத்துல இருந்து கணக்கிட்ட செக்சம், இருக்கும்.

இது எல்லாம் ரிலீஸ் டிராஃப்டா இருக்கும்போதே நடக்கணும். ஃபைல் சரின்னு தெரிஞ்ச அப்புறம்தான் 'டிராஃப்ட்' ஃபால்ஸ்னு ஒரு பேட்ச் (திருத்தற கோரிக்கை). பப்ளிஷ் பண்ணிட்டு ஃபைல் ஏத்தினா, நடுவுல வர்றவங்களுக்குக் காலி ரிலீஸ்தான் கிடைக்கும்.

இன்னொண்ணு: மலை மேல இருந்துட்டு 180 எம்பியை ஏன் தள்ளணும்? பில்டை, அதாவது ஜிப் தயார் பண்ற வேலையை, கிட்ஹப் சர்வர்லயே ஓடற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல ஓட விடுங்க. ஏற்காட்டுல இருந்து ஒரு டேக் (வெர்ஷனைக் குறிக்கற பேர்) மட்டும் புஷ் பண்ணா போதும். இருபது கொண்டை ஊசி வளைவையும் அது சும்மா இறங்கிடும்.

அம்மாபேட்டை: ரிலீஸ் வெப்ல தெரியுது, டேக் பேரை வெச்சு ஏபிஐல கேட்டா 404 (கிடைக்கல) வருதுங்க.

டிராஃப்டா இருக்கும். டேக் வழியா கேக்கற முகவரி பப்ளிஷ் ஆனதை மட்டும்தான் தரும். டிராஃப்ட் உருவாக்கினப்ப வந்த ஐடியை பத்திரமா வெச்சுக்கோங்க, அதை வெச்சுக் கேளுங்க. பிரைவேட் ரெப்போவா (கோடு இருக்கற கிடங்கு) இருந்து டோக்கன்ல (ஏபிஐக்கான சாவி) உரிமை இல்லேன்னாலும் 404 வரலாம். டோக்கன்ல 'கன்டென்ட்ஸ்' எழுதும் உரிமை இருக்கான்னு பாருங்க.

ஓமலூர்: 2.1 வெளியிட்டாச்சு. பழைய வாடிக்கையாளருக்காக 1.8.4 போட்டோம். இப்ப 'லேட்டஸ்ட்' கேட்டா 1.8.4 வருது!

புதுசா பப்ளிஷ் ஆகறதை லேட்டஸ்ட்டா எடுத்துக்கறதுதான் இயல்பு. 1.8.4 போடும்போது 'மேக்_லேட்டஸ்ட்' ஃபால்ஸ்னு குடுத்திருக்கணும். இதுல ஒரு குழி: டிராஃப்ட், பிரீரிலீஸ் (முன்னோட்ட வெளியீடு) ரெண்டும் பூலியன் (மேற்கோள் இல்லாத ட்ரூ, ஃபால்ஸ்), மேக்_லேட்டஸ்ட் மட்டும் ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்). ஃபால்ஸை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. இப்போதைக்கு 2.1க்கு ஒரு பேட்ச் அனுப்பி, மேக்_லேட்டஸ்ட் "ட்ரூ" குடுத்தா சரியாயிடும்.

ஆத்தூர்: 74 ரிலீஸ் இருக்கு, 30தான் வருது.

பெர்_பேஜ் (ஒரு பக்கத்துக்கு எத்தனை) 100 போடுங்க. 100க்கு மேல போனா பதிலோட 'லிங்க்' ஹெட்டர்ல அடுத்த பக்கம் இருக்கும்.

எடப்பாடி: 1.10.0 பட்டியல்ல 1.9.0க்குக் கீழ போயிடுதுங்க மேடம்.

எழுத்தா ஒப்பிடுறீங்க. புள்ளியில வெட்டி எண்ணா ஒப்பிடுங்க. ஆர்சி.10ம் ஆர்சி.9ம் (ஆர்சின்னா இறுதிக்கு முந்தின சோதனை வெளியீடு) அதே கதைதான். 2.0.0-ஆர்சி.1 என்பது 2.0.0க்கு முந்தினது. செம்வெர் (இந்த எண் முறை) நூலகம் பெரும்பாலான மொழிகள்ல இருக்கு, கையால எழுதாதீங்க.

சேவாப்பேட்டை: பப்ளிஷ் பண்ண 1.4.0 ஜிப்ல தப்பான கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்) போயிடுச்சு. அசெட்டை அழிச்சுட்டு அதே பேர்ல வேற ஏத்தலாமா?

ஏபிஐ விடும். நான் வேண்டாம்பேன். 1.4.1 போடுங்க.

ஜாகீர் அம்மாபாளையம்: எங்ககிட்ட எடுக்கறதே ரெண்டு பேர். பத்து நிமிஷத்துல மாத்திட்டா யாருக்குத் தெரியும்? சும்மா நம்பரை ஏத்திக்கிட்டே போறதா?

நம்பருக்குக் காசா பணமா? அந்தப் பத்து நிமிஷத்துல ஒருத்தர் எடுத்திருந்தா, ஒரே பேர்ல ரெண்டு ஜிப் ஊருக்குள்ள சுத்தும். "1.4.0ல பிரச்சினை"ன்னு நாளைக்கு ஒருத்தர் சொன்னா எந்த 1.4.0? செக்சம் எழுதி வெச்ச எந்த நிறுவல் ஸ்கிரிப்டும் அன்னைக்கே நின்னுடும்.

ஜாகீர் அம்மாபாளையம்: அப்ப டேக்கையே புது கமிட்டுக்கு (கோடோட புதுப் பதிவுக்கு) நகர்த்திட்டா?

அது இன்னும் மோசம். பழைய டேக்கை ஏற்கெனவே எடுத்தவங்க மெஷின்ல அது தானா மாறாது. டேக்குகளை ஃபெட்ச் பண்ணா கிட் (கோடு வரலாறு வைக்கிற கருவி) மறுத்துடும். கோ மொழி மாட்யூலா இருந்தா செக்சம் பொருந்தலைன்னு பில்டே நிக்கும்.

சேவாப்பேட்டை: அக்கா சொல்றது சரி. முத்திரை குத்தின கொலுசுல அப்புறம் வெள்ளியை மாத்தினா அந்த முத்திரைக்கு என்ன மரியாதை?

ஓமலூர்: நாங்க தினமும் 'நைட்லி'னு ஒரே டேக்ல மாத்திக்கிட்டேதான் இருக்கோம். அதுவும் தப்பா?

அது தப்பில்ல, ஒத்துக்கறேன். பேரே நகரும்னு சொல்லுது, பிரீரிலீஸ்னும் போட்டிருப்பீங்க. ரிலீஸ் குறிப்புல எழுத்துப்பிழை இருந்தா 'பாடி'யை எப்ப வேணா பேட்ச் பண்ணுங்க. என் சண்டை எண் போட்ட ஃபைலோட மட்டும்தான். இதுக்கு மேல இதுல வேண்டாம், கேள்வி நிறைய நிக்குது.

மேட்டூர்: ரிலீஸை டெலீட் பண்ணேன், டேக் போகல.

போகாது. டேக்கைத் தனியா அழிக்கணும்.

சங்ககிரி: டேக் வெச்சுக் கேட்டா 404...

அம்மாபேட்டை பதில்.

வாழப்பாடி: எல்லா ரிலீஸும் வரமாட்டேங்குது, 30ல நிக்குது.

தம்பி, ரெண்டு விரல் அளவு மேல நகர்த்துங்க. ஆத்தூர்.

ஜலகண்டாபுரம்: தறிக் கணக்கு மென்பொருள். ஆபீஸ்ல 25 கணினி, எல்லாம் புது வெர்ஷன் இருக்கான்னு கிட்ஹப்பைக் கேக்குது. மதியத்துக்குள்ள 403 (அனுமதி மறுப்பு) வந்துடுது.

டோக்கன் இல்லாம ஒரு ஐபிக்கு (இணைய முகவரி) மணிக்கு 60 தடவைதான். 25 கணினியும் வெளிய ஒரே ஐபியாத்தான் தெரியும். ஆளுக்கு மூணு தடவை கேட்டாலே 75. டோக்கன் போட்டா 5000ன்னு எங்கயாவது படிச்சுட்டு, ஆப்புக்குள்ள டோக்கனைப் புதைச்சுடாதீங்க. எடுக்கத் தெரிஞ்சவன் எடுத்துடுவான். முந்தின பதில்ல வந்த இ-டேக் அடையாளத்தை அனுப்பி 304 (எதுவும் மாறல) வாங்கினா கணக்குல வராதுங்கறதும் டோக்கனோட கேட்டாத்தான்.

உங்க சர்வர்ல ஒரு சின்ன ஜேசன் ஃபைல் வைங்க: வெர்ஷன், இறக்க வேண்டிய முகவரி, செக்சம். பப்ளிஷ் ஆனதும் ஒரு வேலை அதைப் புதுப்பிக்கட்டும். கணினிகள் அதை ஒரு நாளைக்கு ஒரு தடவை பாத்தா போதும்.

அஸ்தம்பட்டி: ஆக்‌ஷன்ஸ்ல ரிலீஸ் உருவாகுது. ரிலீஸ் பப்ளிஷ் ஆனா ஓடணும்னு எழுதின இன்னொரு வொர்க்ஃப்ளோ (தானா ஓடற வேலைப் பட்டியல்) அசையவே இல்ல.

ஆக்‌ஷன்ஸ் தானா குடுக்கற கிட்ஹப்_டோக்கனால பண்ண ரிலீஸ் நிகழ்வு இன்னொரு வொர்க்ஃப்ளோவைக் கிளப்பாது; சுத்திச் சுத்தி ஓடாம இருக்கத்தான் இந்தத் தடை. அந்த ஒரு படிக்கு கிட்ஹப் ஆப் டோக்கன் வாங்குங்க, இல்ல ரெண்டாவது வேலையை அதே வொர்க்ஃப்ளோல அடுத்த ஜாப்பா சேருங்க. நான் சேத்துடுவேன்.

தாரமங்கலம்: கிட்லேப்ல ஃபைல் எப்படி ஏத்தறது?

ரிலீஸ்ல ஃபைல் இருக்காது, சுட்டிதான். கிட்லேப்போட ஜெனரிக் பேக்கேஜ் ரெஜிஸ்ட்ரிக்கு (ஃபைல் கிடங்கு) புட் பண்ணிட்டு, அந்த முகவரியை ரிலீஸோட லிங்க்கா சேருங்க.

ஏற்காடு: அக்கா, ஸ்டார்ட்டர் ஒண்ணு இல்ல, பேர் மாத்தி மாத்தி முயற்சி பண்ணதுல மூணு இருந்துச்சு. அழிச்சுட்டேன். இப்ப 'அப்லோடெட்'னு வருது. பப்ளிஷ் பண்ணிடவா?

டைஜெஸ்ட் பாத்தீங்களா?

ஏற்காடு: இனிமேதான்.

அப்ப இனிமேதான்.