அட்டெண்டர் யாரு?

அன்புள்ள அக்காவுக்கு,

பெங்களூர் மர்ஃபி டவுனிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 69 வயது. வயிற்றில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அம்மாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் ஒருமுறை காட்டினோம். இப்போது பார்க்கும் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், பிறகு கீமோ என்கிறார்கள். அம்மாவோ "எனக்கு ஒண்ணும் வேணாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அடம் பிடிக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர், நாற்பது வருஷம் ஏரியாவில் சீட்டு நடத்தியவர், சொன்னால் கேட்கமாட்டார். சட்டப்படி மகன் கையெழுத்து போதுமா? பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் லிவிங் வில்லை இப்போதே எழுதி வைக்கலாமா? நோயாளியின் உரிமை என்பதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்கிறார் மாமா. சித்த வைத்தியமும் யோசிக்கிறோம். திங்கட்கிழமை கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ். தம்பிக்கு,

போதாது. அம்மா நினைவோடு இருக்கிறவரை, சொன்னதைப் புரிந்துகொள்கிறவரை, அவர் உடம்புக்கு உங்கள் கையெழுத்து செல்லாது. நினைவில்லாத நிலை, உயிர் போகிற அவசரம் என்றால் கதை வேறு. சித்த வைத்தியத்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாமாவுக்கு நாளை ஒரு ஆபரேஷன் என்றால் அவரைக் கேட்காமல் அத்தை கையெழுத்துப் போடலாமா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாக்டர் சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது. அம்மா சொன்னது ஒரே ஒரு வரி. அதற்கும் "அடம்" என்று பெயர் வைத்துவிட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நாற்பது வருஷம் சீட்டு நடத்திய பெண்ணுக்கு விவரம் போதாதா? யார் எந்த மாசம் எடுத்தார்கள், யார் பாக்கி, தள்ளு எவ்வளவு என்பதையெல்லாம் மனக்கணக்காக வைத்திருந்தவரிடம் "கட்டி இருக்கு, ஆபரேஷன் பண்ணினா இது, பண்ணாட்டி இது" என்று சொல்ல முடியாதா? கிட்வாய்க்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டு அல்சர் என்கிறீர்கள். பெங்களூரில் கிட்வாய் என்றால் என்னவென்று தெரியாத தமிழ் அம்மா யார் இருக்கிறார்? அவருக்குத் தெரியும், தம்பி. உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்பது அவர் கொடுத்த பதிலாகக்கூட இருக்கலாம்.

இதில் உங்களை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

2009இல் என் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றி இடது கால் கருத்துப்போனது. பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கேதான், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு நர்ஸ் வார்டு வாசலில் நின்று "அட்டெண்டர் யாரு?" என்றார். நோயாளியோடு இருக்கிற வீட்டு ஆளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் போனேன். கவுண்டரில் நூல் கட்டிய பேனா. ஆங்கிலத்தில் நாலு பக்கம். அந்த நூல் நீளம் போதாமல் காகிதத்தைப் பேனாவை நோக்கி இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். பத்தடி தூரத்தில் அப்பா முழு நினைவோடு கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "புண்ணைச் சுத்தம் பண்ணப் போறாங்கப்பா" என்றேன். தள்ளுவண்டி வந்ததும் கட்டிலை விட்டு இறங்கினார். "செருப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளி வைம்மா, வந்து போட்டுக்கறேன்" என்றார். இரண்டு செருப்பையும் தள்ளி வைத்தேன்.

சொல்லியிருந்தாலும் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆபரேஷன் சரியானது, அதற்குப் பிறகு ஐந்து வருஷம் இருந்தார். ஆனால் மயக்கம் தெளிந்த அன்று சாயங்காலம் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அந்த ஐந்து வருஷத்தில் மறுபடி அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் பேசவில்லை.

இதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று பிற்பாடுதான் தேடிப் படித்தேன். டெல்லியில் 44 வயதான, திருமணமாகாத ஒரு பெண். 1995இல் பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது, செய்துகொள்ளப் போகிறார். மயக்கத்தில் இருக்கும்போது டாக்டரின் உதவியாளர் வெளியே வந்து, காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்குகிறார். கர்ப்பப்பை, சினைப்பைகள் எல்லாம் எடுக்கப்படுகின்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தாயாரின் சம்மதம் சம்மதமே இல்லை என்றது கோர்ட். அந்தப் பெண் வயது வந்தவர், தற்காலிகமாகத்தான் மயக்கம், உயிருக்கு ஆபத்து எதுவுமில்லை, கண் விழிக்கும் வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்றும் சொன்னது. டாக்டர் நல்ல எண்ணத்தில் செய்திருக்கலாம், அப்போதும் தவறு தவறுதான். டாக்டருக்கு ஆபரேஷன் கட்டணம் கிடையாது, அந்தப் பெண்ணுக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. தொகை சின்னது, விட்டுவிடுங்கள். என் அப்பா விஷயம் நடந்தது அந்தத் தீர்ப்புக்கு ஒரு வருஷம் கழித்து. அவர் மயக்கத்தில்கூட இல்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

என்ன சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. என்ன சிகிச்சை, எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். அபூர்வமாக வரக்கூடியதையெல்லாம் அடுக்கிப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இதில் ஆங்கிலம் தெரிந்தால்தான் புரியும் என்பது எது?

டாக்டர்களுக்கான 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளில் ஓரிடம் எனக்குத் தீராத ஆற்றாமை. ஆபரேஷனுக்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்கிற 7.16ஆம் விதி. யாரிடம்? கணவன் அல்லது மனைவியிடம், சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரிடம், அல்லது நோயாளியிடம். வரிசையைப் பாருங்கள் தம்பி. உடம்புக்குச் சொந்தக்காரர் கடைசியில் வருகிறார். விதி எழுதியவர்கள் நம் வீட்டு வராந்தாவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பில் கட்டுகிறவன் மகன், சண்டைக்கு வருகிறவனும் மகன், அதனால் டாக்டரும் மகனிடம்தான் பேசுகிறார். டாக்டரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று முதலில் கேட்டது நீங்கள்தானே?

லிவிங் வில் கேட்டீர்கள். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. மாஜிஸ்டிரேட் தேவையில்லை, இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். 2025 ஜனவரியில் கர்நாடக சுகாதாரத் துறையும் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் அதை எழுத வேண்டியவர் அம்மா. நீங்கள் எழுதி அவர் கைரேகை வாங்குகிற காரியமில்லை. அதுவும் அவர் வாய் பேச முடியாமல் போகிற நாளுக்காக. இன்று அவர் பேசுகிறார். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு, உயிர் போகும் என்று தெரிந்தே சொன்னாலும்.

இன்னொன்று. கேட்டதும் "எனக்கு ஒண்ணும் சொல்லாத, நீயே பாத்துக்கோ" என்று அவர் சொல்லலாம். நிறையப் பேர் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் அவர் எடுத்த முடிவுதான். கேட்காமலே அவர் அப்படிச் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாமாவை வெளியே அனுப்பிவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். கட்டி என்ற சொல்லில் தொடங்குங்கள். அழுதால் அழட்டும், நீங்களும் அழுங்கள், எழுந்து போய்விடாதீர்கள். திங்கட்கிழமை நர்ஸ் "அட்டெண்டர் யாரு?" என்று கேட்டால் காகிதத்தை அம்மாவின் கட்டிலுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். இன்று வியாழன். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா