ரோமர் பாதையில் கிராவல் பைக்: செவில்லாவிலிருந்து சலமன்கா வரை

கேள்வி: ஏப்ரல் கடைசியில் பத்து நாள் விடுமுறை கிடைக்கிறது. ஸ்பெயினில் ‘வியா தே லா பிளாத்தா’ பாதையில் செவில்லாவிலிருந்து சலமன்கா வரை கிராவல் பைக்கில் (மண், சரளைப் பாதைக்கேற்ற அகல டயர் சைக்கிள்) போக ஆசை. என் சைக்கிளில் 40 மி.மீ. டயர். முழுக்க ரோமர்கள் போட்ட பழைய பாதையிலேயே போக முடியுமா? மொத்தம் சுமார் 500 கி.மீ.தான் என்கிறார்கள், நாளுக்கு 100 வீதம் 5 நாளில் முடித்துவிட்டு மீதி நாட்களில் ஊர் சுற்றலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம், ஏப்ரல் கடைசி நல்ல தேர்வும்கூட. ஆனால் அந்த 5 நாள் கணக்கை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். தார்ச்சாலையில் அலுங்காமல் 100 கி.மீ. ஓட்டுகிறவருக்கே இந்தப் பாதையில் 65, 70 வந்தால் நல்ல நாள்தான். செவில்லா கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது, சலமன்கா சுமார் 800 மீட்டர் உயரத்தில், நடுவில் சியெரா மொரேனா மலை, அப்புறம் பேஹார் கணவாய். போதாததற்கு வேலிக் கேட்டைத் திறந்து மூடுவது, ஓடையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். 8 நாள் வையுங்கள். ஊர் சுற்றத் தனியாக நாள் ஒதுக்க வேண்டாம், மெரிதாவும் காசெரெஸும் பாதையிலேயே வருகின்றன.

இன்னொன்று, அறையை முதலில் பாருங்கள். செவில்லாவில் ஈஸ்டர் வாரத்திலும், பொதுவாக அது முடிந்து இரண்டு வாரம் கழித்து வரும் ஏப்ரல் திருவிழாவிலும் விடுதி வாடகை கன்னாபின்னாவென்று ஏறும். ஈஸ்டர் தேதி வருடத்துக்கு வருடம் மாறுவதால், காலண்டரைப் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.

இனி ரோமர் பாதை. உண்மையான ரோமர் நெடுஞ்சாலை மெரிதாவிலிருந்து வடக்கே அஸ்தோர்காவுக்குப் போனது. மெரிதா என்பது கி.மு. 25இல் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவாக்கப்பட்ட நகரம். செவில்லாவிலிருந்து தொடங்குவது, சான்டியாகோ தேவாலயத்துக்கு நடந்து போகும் பிற்காலத்து யாத்திரிகர் பாதையின் கணக்கு, அந்தத் தென்பகுதியிலும் பழைய ரோமர் சாலை உண்டு என்றாலும். இன்று பழைய பாதையின் ஒரு பகுதி நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கிறது, ஒரு பகுதி வயலாகிவிட்டது, தாகுஸ் ஆற்றங்கரையில் ஒரு பகுதியை அல்கான்தரா நீர்த்தேக்கம் விழுங்கிவிட்டது. அங்கே இருந்த ரோமர் பாலத்தின் மிச்சத்தை 1970இல் பெயர்த்து மேட்டில் வைத்தார்கள். ஆகவே முழுக்க என்பது முடியாது, முடிந்த இடத்திலும் எல்லாவற்றையும் ஓட்டத் தேவையில்லை.

ரோமர் சாலை என்றதும் பலருக்குப் பெரிய பெரிய கற்பலகை பதித்த தெரு நினைவுக்கு வருகிறது. அது பெரும்பாலும் நகரத்துக்குள்ளும் வாசலருகிலும்தான். ஊருக்கு வெளியே வண்டி ஓடும் நெடுஞ்சாலையின் மேற்பரப்பு நைசான சரளை என்று ஸ்பானியப் பொறியாளர் இசாக் மொரேனோ காயோ பல வருடமாகச் சொல்லிவருகிறார். இரும்புப் பட்டை போட்ட சக்கரமும் குளம்பும் வழுக்காமல் போக அதுதான் சரி. அதாவது இது பிறவியிலேயே கிராவல் ரோடு! ஆனால் கடைசியாகக் கொட்டிய அந்தச் சரளை இத்தனை நூற்றாண்டு மழையில் கரைந்து போய், பல இடங்களில் அடித்தளத்துக் கல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன்மேல் ஓட்டினால் பல் ஆடும், பார்க்கத்தான் லாயக்கு.

எக்ஸ்த்ரெமதூரா மாநிலத்துக்குள் நுழைந்ததும் வழி பிரியும் இடங்களில் முழங்கால் உயர கிரானைட் கற்கள் சதுரமாக நிற்கும், அவற்றில் வண்ண ஓடு பதித்திருப்பார்கள். பச்சை ஓடு பழைய ரோமர் சாலையின் தடத்தைக் காட்டுகிறது, மஞ்சள் யாத்திரிகர் நடக்கும் பாதையை. இரண்டும் ஒரே கல்லில் இருந்தால் கவலையில்லை. பிரிந்தால் மஞ்சளைப் பிடியுங்கள், பச்சை சில இடங்களில் உங்களைப் புதருக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காணாமல் போகும். மஞ்சள்கூட நடக்கிறவர்களுக்காகப் போட்டதுதான், அவர்கள் ஒரு பாறையைத் தாண்டிப் போய்விடுவார்கள், பையெல்லாம் கட்டிய சைக்கிளோடு நீங்கள் நிற்பீர்கள்.

அப்படி நிற்கும்போது கைகொடுப்பது என்-630 சாலை. பாதை நெடுக அருகிலேயே வருகிறது. பக்கத்தில் ஏ-66 மோட்டார்வே வந்தபிறகு கார், லாரியெல்லாம் அதற்குப் போய்விட்டதால் இந்தப் பழைய சாலை பெரும்பாலான இடங்களில் காலியாகக் கிடக்கிறது. ‘தார்ச்சாலையில் போனால் கௌரவக் குறைச்சல்’ என்று நினைக்கிறவர்கள் நிறைய உண்டு. என் கருத்தில், தினமும் காலையில் வானத்தையும் தன் கால்களின் நிலையையும் பார்த்துவிட்டு இன்று மண்ணா தாரா என்று முடிவு செய்கிறவர்தான் இந்தப் பயணத்தை ரசித்து முடிக்கிறார்.

குறிப்பாக மழை பெய்தால். சாஃப்ராவிலிருந்து மெரிதா வரை திராட்சைத் தோட்டமும் ஆலிவும் நிறைந்த சமவெளி, வியாஃப்ராங்கா தாண்டியதும் மண்பாதை கோடு போட்டதுபோல நேராகப் போகும், காய்ந்திருந்தால் பறக்கலாம். அந்த நிலமோ செம்மண் களி. ஒரு ராத்திரி மழை போதும், டயரில் ஒட்டி, அதன்மேல் சிறு கல் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே இட்லி மாவு காய்ந்த பாத்திரம் மாதிரி இறுகிச் சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டி நோண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் மதியமாகிவிடும். மழை பெய்த மறுநாள் அங்கே யோசிக்காமல் என்-630.

மலைப்பகுதியில் ஒரு இடத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். காஸ்தில்பிளாங்கோவிலிருந்து அல்மாதேன் 29 கி.மீ., முதல் 16 தார்ச்சாலை, பிறகு கேட்டுக்குள் நுழைந்து எல் பெர்ரொகால் காட்டுப்பகுதி. ஓக் மரங்கள், நல்ல பாதை, எல்லாம் சுகமாகப் போகும், ஊர் கிட்டத்தில் வந்தபிறகு கல்வாரியோ குன்று வரும். பையோடு அதை மிதித்து ஏறுவது நடக்காது, இறங்கித் தள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த பகுதி காசெரெஸுக்கு வடக்கே. கார்காபோசோவிலிருந்து அல்தெயானுவேவா வரை சுமார் 38 கி.மீ.க்கு ஒரு ஊர் கிடையாது. ஓக் மரத் தோப்பு, மாடு, மைல்கல், நடுவில் காபாரா என்ற ரோமர் நகரத்தின் இடிபாடு. நாலு பக்கமும் திறந்த வளைவு ஒன்று இன்னும் நிற்கிறது, பாதை அதன் அடியிலேயே போகிறது. இங்கே குடிநீரை நம்பிப் போகாதீர்கள், குறைந்தது 3 லிட்டர் கிளம்பும்போதே கையில் இருக்கட்டும். வழியில் குழாய் தென்பட்டாலும் பலகையைப் பாருங்கள், ‘நோ பொதாப்லே’ என்றிருந்தால் குடிக்கக் கூடாது.

அதைத் தாண்டியதும் எர்வாஸ், பான்யோஸ் தே மோன்தெமயோர் வழியாகப் பேஹார் ஏற்றம். இங்கே பழைய பிளாசென்சியா–அஸ்தோர்கா ரயில் பாதையை, 1984 முடிவோடு பயணிகள் ரயில் நின்றுபோன தடத்தை, சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். ரயில் ஏறிய சரிவு என்பதால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏறிவிடலாம். ரோமர் தடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முட்டிதான் பதில் சொல்லும்.

கேட் விஷயத்துக்கு வருவோம். தோப்புகளில் இரும்புக் கேட் மூடியிருக்கும், தனியார் நிலம் என்று பயந்து திரும்பிவிடாதீர்கள். பாதையின் பல பகுதிகள் ஆடு மாடுகளை ஓட்டிப்போகும் பழைய பொது வழிகள், பெரிய வழிகளின் அகலம் சுமார் 75 மீட்டர், 1995ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இடம் கொடுக்கிறது. பாதையின் அம்புக்குறி உள்ளே காட்டினால் திறந்து போங்கள், பின்னால் மூடிவிடுங்கள். ஆட்டுமந்தையோடு பெரிய காவல் நாய் இருந்தால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெதுவாக நடங்கள்.

டயர் 40 போதும். ஃப்ரேம் இடம் கொடுத்தால் 45 போடுங்கள், மாலையில் உள்ளங்கை நன்றி சொல்லும். அதைவிட முக்கியம் டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலண்ட் திரவத்தைப் புதிதாக ஊற்றிக்கொண்டு போங்கள், ஏனென்றால் நம் ஊர் நெருஞ்சி அங்கேயும் இருக்கிறது, அதே முள்தான்.

நேரம்தான் புதிதாகப் போகிறவர்களைக் கஷ்டப்படுத்துகிறது. சிற்றூர்க் கடைகள் மதியம் 2 மணிக்கு மூடினால் 5 மணிக்குத்தான் திறக்கும், ஞாயிறு திறக்கவே திறக்காது. இரவுச் சாப்பாடு 9 மணிக்குமுன் கிடைப்பது கஷ்டம். ஆகவே வெளிச்சம் வந்ததும் கிளம்பி, 2 மணிக்கு ஊர் சேர்ந்து, உணவகங்கள் மதியம் தரும் அன்றைய முழுச் சாப்பாட்டை வயிறாரச் சாப்பிடுங்கள். சைவமென்றால் வாய்விட்டு ‘சின் ஹமோன்’ (பன்றித் தொடை இறைச்சி வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், காய்கறி என்று கேட்டாலும் மேலே பன்றித் தொடைத் துண்டைத் தூவித் தருகிற நாடு அது, அதிலும் மொனெஸ்தேரியோவில் அதற்கு அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள்.

யாத்திரிகர் விடுதிகளில் நடந்து வருகிறவர்களுக்கே முதலிடம் என்பது வழக்கம், ஏப்ரலில் கூட்டமும் இருக்கும், ஆகவே சாயங்காலத்துக்கு ஒரு சாதாரண விடுதியின் ஃபோன் நம்பரைக் கையில் வைத்திருங்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். சலமன்காவிலிருந்து மாட்ரிட் திரும்பும் ரயிலில் சைக்கிளுக்கு இடம் சொற்பம், உங்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே அதற்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.