பத்து வருடமாக ஓடும் சாஃப்ட்வேரை மாற்றத்தான் வேண்டுமா?

"கணக்கு, இருப்பு, பில் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. பத்து வருடமாக அதே பதிப்பு, தொந்தரவு எதுவும் கிடையாது. விற்றவர்கள் புதிய பதிப்புக்கு வரச் சொல்லி நச்சரிக்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சர்வரில் எஸ்க்யூஎல் சர்வர் 2014 (உங்கள் தரவையெல்லாம் சேமித்துவைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்), மேசைக் கணினிகளில் விண்டோஸ் 10 என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை அதைச் சொன்னீர்கள், என் பதிலே அதை வைத்துத்தான்.

மாற்றுங்கள். ஆனால் அவர்கள் காட்டும் புதிய திரைக்காகவும் கலர் கலரான அறிக்கைகளுக்காகவும் வேண்டாம். உங்கள் ஆட்களுக்குப் பழைய திரை கைப்பழக்கமாகிவிட்டது, அந்த வேகம் போனால் அதுவும் செலவுதான். வெறும் புதிய வசதிகள் மட்டும் என்றால் இருப்பதே போதும் என்று சொல்லியிருப்பேன்.

கவலை அடித்தளத்தைப் பற்றியது. எஸ்க்யூஎல் சர்வர் 2014-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 9-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கு அது 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. தனியாகப் பணம் கட்டிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாங்கலாம், அதுவும் மூன்று வருடத்துக்கு மேல் கிடையாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியபோது அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது, போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. உங்கள் நிலையில், பணம் கட்டாவிட்டால் போடுவதற்குத் திருத்தமே வராது.

சரி, எப்படி மாற்றுவது? எல்லோரும் கோட்டைவிடும் இடம் இதுதான், திரும்பி வரும் வழி. புதிய எஸ்க்யூஎல் சர்வரில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. திங்கட்கிழமை மாறிவிட்டு, வியாழக்கிழமை மாலை சரிப்படவில்லை என்று பழையதற்குத் திரும்பினால், அந்த நான்கு நாள் பில்களையும் கையால் மறுபடி பதிய வேண்டியதுதான்.

அதனால் முதலில் ஒரு தனிக் கணினியில் புதிய பதிப்பைப் போட்டு, உங்கள் பேக்கப்பையே அதில் ஏற்றி, போன மாதக் கணக்கை முழுதாக முடித்துப் பாருங்கள். விற்றவர்கள் காட்டும் டெமோவில் எல்லாம் ஒழுங்காகத்தான் வரும். இரண்டு தடவை பதிந்த வாடிக்கையாளர், எப்போதோ மைனஸில் போன இருப்பு எல்லாம் உங்கள் தரவில்தான் இருக்கும். இருப்பு மதிப்பு, வர வேண்டிய பாக்கி, வரித்தொகை மூன்றும் கடைசி இலக்கம்வரை பழையதோடு ஒத்துவர வேண்டும். கணக்கு பார்ப்பவரையே உட்காரவைத்துச் செய்யச் சொல்லுங்கள், கணினி ஆள் செய்தால் ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். (ஒரு நல்ல விஷயம், புதிய சர்வரில் ஏற்றினாலும் 2014-க்கான பொருந்துநிலையை, அதாவது தரவுத்தளம் பழைய பதிப்பைப் போலவே நடந்துகொள்ளச் செய்யும் அமைப்பை, அப்படியே வைத்துக்கொள்ள முடியும், அதை உடனே உயர்த்தாதீர்கள்.)

அப்புறம், சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. அதிலிருந்து நேராகத் தரவை இழுக்கும் எக்செல் கோப்புகள், பில் பிரிண்டர், என்றோ வேலையை விட்டுப்போனவர் எழுதிக்கொடுத்த அறிக்கை, இப்படி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். தரவை இழுக்க 32 பிட் எக்செல்லுக்காகப் போட்ட டிரைவர் (இணைப்பு மென்பொருள்) 64 பிட் எக்செல்லில் வேலை செய்யாது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும், பத்து வருடக் கணினிகள் பலவற்றில் அது இருக்காது, ஆக கணினிச் செலவையும் இப்போதே சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நாள் குறிப்பது உங்கள் கையில், மாதக் கடைசியும் ஆண்டுக்கணக்கு முடிக்கும் சமயமும் மட்டும் வேண்டாம். ஆனால் ஒப்புக்கொள்வதற்கு முன், புதிய பதிப்பு எந்த எஸ்க்யூஎல் சர்வரில் ஓடும் என்று விற்றவர்களிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 2016 என்றால் ஏற்காதீர்கள், அதன் ஆதரவுக் கெடு 2026 ஜூலை 14. 2022 என்றால் 2033 ஜனவரி வரை திருத்தங்கள் வரும்.