வீட்டிலேயே கிட் காருக்கு விஷ்போன் செய்யலாமா?

மிக் வெல்டிங் செட் கையில் இருக்கிறது, முன்பக்க விஷ்போன்களை (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் A வடிவக் கைகள்) நானே செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். இங்கிலாந்தில் என் வீட்டு கராஜில் நான்கையும் நானே செய்தேன். என்னுடையது லோகோஸ்ட், 1957-இல் வந்த லோட்டஸ் செவன் ஸ்போர்ட்ஸ் கார் பாணியில் வீட்டிலேயே கட்டும் கார்.

ஆனால் முதல் செட் முழுவதும் பழைய இரும்புக்குத்தான் போனது. 25 மி.மீ. டியூபை பிளைவுட் பலகைமேல் கட்டைகளால் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முழுதாக வெல்டு வைத்துவிட்டு அடுத்த பக்கம் போனேன். சூடு ஆறுவதற்குள் கழற்றியும் விட்டேன். வெல்டு ஆறும்போது சுருங்கி, குழாயைத் தன் பக்கம் இழுக்கும். புஷ் (மூட்டு அசைய உள்ளே வைக்கும் ரப்பர் போன்ற உருளை) உட்காரும் இரண்டு குழாய்களும் நேர்கோட்டில் இல்லை, உள்வட்டமும் நெளிந்து புஷ் இறங்கவில்லை. இரண்டு வார உழைப்பு, மனசே விட்டுப்போனது.

அப்புறம் 10 மி.மீ. இரும்புத் தகட்டில் ஜிக், அதாவது வெல்டு வைக்கும்போது துண்டுகளை அசையாமல் பிடிக்கும் அமைப்பு, செய்தேன். இரண்டு புஷ் குழாய்களிலும் ஒரே தண்டைச் செருகி இறுக்கினேன். எல்லா மூட்டிலும் முதலில் டேக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும், பிறகு பக்கம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டு. ராத்திரி முழுக்க ஜிக்கிலேயே ஆறவிட்டேன். காலையில் தண்டு கையாலேயே உருவி வந்தது.

"வீட்டு வெல்டிங்கை நம்பி ரோட்டில் போவதா" என்று யாராவது வருவார்கள். அதே டியூபின் துண்டுகளை வெல்டு வைத்து, குறுக்கே அறுத்து, உலோகம் வேர் வரை உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காருக்கான டியூபைத் தொட்டேன். ஐவிஏ என்ற, வீட்டில் கட்டிய வண்டிகளுக்கான அரசுச் சோதனையிலும் தேறித்தான் வண்டி ரோட்டுக்கு வந்தது.

நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்தவன் நான். வெல்டிங் லேப் என்றால் உதவியாளர் ஒரு தடவை செய்துகாட்டுவார், நாங்கள் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவோம். ஹோல்டரைக் கையில் கொடுத்ததே இல்லை. படத்துக்குக் கோடு சரியில்லை என்று மூன்று முறை திருப்பி எழுதவைத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

சரி, நீங்கள் செய்யப்போவது கீழ் விஷ்போன் என்றால் ஒன்று. ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர் அதன்மேல் உட்காருவதால் வண்டியின் எடை அதை வளைக்கப் பார்க்கும். வெளிமுனையில் மரை போட்ட ராடு எண்டை (தலையில் உருண்டை மூட்டு உள்ள போல்ட்) வைக்காதீர்கள், மரையில்தான் முறியும். பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் டை பெனட்ரன்ட் (விரிசலில் ஊறி அதைக் காட்டும் சாயம்) அடித்து ஒவ்வொரு வெல்டையும் பாருங்கள். கோட்டிங் ஏறிவிட்டால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.