பழைய இரட்டைக்குழலை நிரப்பியே வைக்கலாமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில், உரிமத்தோடு இருக்கிறது. குதிரை வெளியே தெரியாத பழைய மாடல். ஒதுக்குப்புறமான வீடு என்பதால் இரவில் பயம். இரண்டு தோட்டாவும் போட்டு, சேஃப்டியைப் போட்டு, பீரோ மேல் வைத்துவிடலாமா? ஆறு வயதுப் பேத்தி அடிக்கடி வந்து தங்குவாள்.

பதில்: வேண்டாம். பேத்தி வராத வீடாக இருந்தாலும் இதையேதான் சொல்வோம்.

கட்டைவிரலால் போடுகிறீர்களே, அந்தச் சேஃப்டி பெரும்பாலான பழைய இரட்டைக்குழல்களில் விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே ஏறி நிற்கும் சுத்தியலை (நீங்கள் சொல்லும் குதிரை, தோட்டாவை அடித்து வெடிக்க வைப்பது) பிடித்திருப்பது சியர் என்ற சின்ன இரும்பு நாக்கு. சுத்தியலில் வெட்டிய ஒரு மெல்லிய பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். பல வருடம் சுட்டு அந்த விளிம்பு மழுங்கியிருந்தால், பீரோ மேலிருந்து விழும் அதிர்ச்சியே நாக்கை நழுவ வைக்கப் போதும். விசையை யாரும் தொடாமலே வெடிக்கும். நழுவிய சுத்தியலைத் தடுக்க இரண்டாவது நாக்கு வைத்த மாடல்களும் உண்டு. சாதாரணத் துப்பாக்கிகளில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

உங்களுடையது எப்படி என்று பார்க்க ஒரு வழி. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. துப்பாக்கியைத் திறந்து, இரண்டு சேம்பரிலும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) விரல் விட்டுக் காலி என்று உறுதி செய்யுங்கள். பிறகு ஸ்நாப் கேப் எனும் போலித் தோட்டா இரண்டைப் போட்டு மூடி, சேஃப்டியைப் போட்டு, இரண்டு விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். இனி சேஃப்டியை விலக்கும்போது ‘க்ளிக்’ என்று சத்தம் வரக் கூடாது. மறுபடி சேஃப்டி போட்டு, மடித்த கம்பளத்தின் மேல் துப்பாக்கிக் கட்டையின் (தோளில் வைக்கும் மரப்பகுதி) அடிப்பக்கத்தை லேசாகத் தட்டுங்கள். அப்போதும் சத்தம் கூடாது. வந்தால், துப்பாக்கி பழுது பார்ப்பவர் சரிசெய்யும் வரை அதில் தோட்டா போடவே கூடாது. சத்தம் வராவிட்டாலும் நிரப்பி வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

வைக்கும் முறை இதுதான்: சேம்பர் காலி, துப்பாக்கி மூடிய நிலை, சுவரோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டிக்குள். பொத்தான் எண் பூட்டு நல்லது. இருட்டில் தடவியே திறக்கலாம். மறைத்து வைத்த சாவியைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும் என்று உங்கள் உரிமத்தில் இருந்தால் அப்படியே செய்யுங்கள். இல்லையென்றால் அதே பெட்டியில் ஒரு சின்னப் பையில் இருக்கட்டும். திறந்து, இரண்டு போட்டு, மூடச் சில நொடிகள்தான். போலித் தோட்டாவை வைத்து இருட்டில் பழகிக்கொள்ளுங்கள். திறக்கும்போது சேஃப்டி தானாகப் பின்னால் வந்து பூட்டிக்கொள்கிறதா என்றும் கவனியுங்கள்; சில மாடல்களில் வராது.

சுத்தியல் ஏறியே இருந்தால் அதன் ஸ்பிரிங் கெட்டுவிடுமே என்பீர்கள். இந்த வகைத் துப்பாக்கியைத் திறந்தாலே சுத்தியல் ஏறிவிடும். அதை இறக்கி வைக்க, போலித் தோட்டா போட்டு விசையை அழுத்தி, அவற்றை உள்ளேயே விட்டுவைக்க வேண்டும். எஜெக்டர் (தோட்டாவைத் தானாக வெளியே எறியும் அமைப்பு) இல்லாத துப்பாக்கியில் அவசரத்தில் அவற்றைக் கையால் பிடுங்க வேண்டியிருக்கும். சுத்தியல் ஏறிய நிலையில், காலியாகவே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. ஸ்பிரிங் தளர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

தோட்டா வாங்கும் முன் சேம்பர் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். பழையவற்றில் 65 மி.மீ. சகஜம். 70 மி.மீ. தோட்டா அதில் சுலபமாக நுழைந்துவிடும், ஏமாற்றுவது அதுதான். அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடும்போது மடிப்பு வாய் விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் நெருக்க, அழுத்தம் எகிறும். குழலின் மேல் மரரேகை போலச் சுருள் கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக (இரும்புப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டிச் செய்த பழங்காலக் குழல்) இருக்கலாம். நிபுணர் பார்த்துச் சொல்லும் வரை சுடாதீர்கள். 20 போர் தோட்டா ஒன்றுகூட அந்த வீட்டில் இருக்க வேண்டாம். அது 12 போர் குழலுக்குள் சறுக்கிப் போய் நின்றுகொள்ளும். பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். காகித உறைத் தோட்டா ஈரத்தில் ஊதியிருந்தாலோ, பித்தளையில் பச்சை பிடித்திருந்தாலோ பயன்படுத்தாதீர்கள்.

எண்ணெய் மெல்லிய படலமாகப் போதும். அதிகமானால் வழிந்து கட்டையின் தலைப்பகுதி மரத்தை ஊறவைக்கும். அதனால் குழல் வாயைக் கீழே வைத்து, ஃபெல்ட் துணி மேல் நிறுத்துங்கள். எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொட வேண்டாம், பிரைமருக்குள் (தோட்டாவின் அடியில் உள்ள தீப்பற்றும் மருந்து) இறங்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள்.

இன்னொன்று. அறைக்குள் நாலைந்து மீட்டர் தூரத்தில் ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) ஒரு கையகலத்துக்குத்தான் பரவும். குறி பார்க்காமல் படாது. பெரிய ரவை மெல்லிய தடுப்புச் சுவரைத் தாண்டியும் போகும். பேத்தி எந்த அறையில் படுக்கிறாள் என்று பாருங்கள். சத்தம் கேட்டால் தேடிக்கொண்டு போகாமல், எல்லோரும் கூடுவதற்கு ஓர் அறையை இப்போதே முடிவு செய்யுங்கள். பெட்டியும் சார்ஜ் ஏறிய போனும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.